விளையாட்டு விமானத்தின் வரலாறு

ஆண்டு மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழு அன்பர்கள் பணித்தபோது, சோழர் ஆட்சியையும் பல்லவர் கலையையும் பற்றி எழுதும் தகுதி எனக்கு இல்லை என்று சொல்லி விலகிக்கொள்ளவே முயன்றேன். பத்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்திவிட்டு, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளுக்கிடையே காலந்தள்ளும் ஒருவன் சரித்திரம் எழுதப் புகுவது மிகை அன்றோ? ஆயினும் குழுவின் தலைவர் விடவில்லை. “உமக்குத் தெரிந்த சரித்திரத்தை எழுதும்” என்றார். எனக்குத் தெரிந்தது ஒரு விளையாட்டுப் பொருளின் சரித்திரம். பால்சா மரத்தால் சிறிய விமானங்களைச் செய்து பறக்கவிடும் கலையே அது. பதினைந்தாம் வயதில் கைவிட்ட அக்கலையை நாற்பது கடந்து மீண்டும் தொட்டவன் என்ற முறையில் இதனை எழுதத் துணிகிறேன்.

விமானம் என்றதும் நம்மவர் பலர் இலக்கியத்தை எடுத்துக்கொண்டு வருவர். சீவக சிந்தாமணியில் சச்சந்த மன்னன் தன் தேவி விசயைக்காகத் தச்சனைக் கொண்டு மயிற்பொறி ஒன்று செய்வித்தான். அதை இயக்கவும் அவளுக்குக் கற்பித்தான். கட்டியங்காரன் சூழ்ச்சியால் நகர் வீழ்ந்த நாளில், கருவுற்றிருந்த தேவி அப்பொறியில் ஏறிச் சென்று சுடுகாட்டில் இறங்கினாள். புறநானூற்றிலோ ஓட்டுபவன் இல்லாத வான ஊர்தி ஒன்று பேசப்படுகிறது. இவற்றைப் படிக்குந்தோறும் உள்ளம் பூரிக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் கவிஞனின் கனவு வேறு, கைவினைஞனின் கணக்கு வேறு. பழைய நூல் என்று சொல்லப்பட்ட வைமானிக சாஸ்திரத்தைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஆராய்ச்சியாளர் ஐவர் 1974இல் ஆராய்ந்து, அது இருபதாம் நூற்றாண்டில் எழுந்தது என்றும், அதில் கண்ட விமானங்கள் பறக்க மாட்டா என்றும் முடிவு கூறினர். நமக்குப் பெருமை வேண்டுமானால் மயிற்பொறியைக் கற்பித்த திருத்தக்க தேவரின் கற்பனைக்காகப் பெருமைப்படுவோம். அதுவே போதுமானது.

மெய்யாகப் பறந்த மாதிரி விமானங்களின் சரித்திரத்தை இங்கிலாந்தின் யார்க்‌ஷயரிலிருந்து தொடங்குதல் பொருந்தும். சர் ஜார்ஜ் கேலி என்னும் நிலக்கிழார் 1804ஆம் ஆண்டில் ஒரு கம்பில் காற்றாடியை இறக்கையாகப் பொருத்தி, பின்னால் திருப்பக்கூடிய வாலையும் வைத்துக் குன்றின் சரிவில் பறக்கவிட்டார். இன்றைய விமானத்தின் வடிவம், அதாவது முன்னே நிலையான இறக்கையும் பின்னே வாலும் என்ற அமைப்பு, அந்தக் கம்பிலேயே தோன்றிவிட்டது. பிறகு அவர் நிலச் சீர்திருத்தம், பாராளுமன்றம் என்று பல துறைகளில் உழன்றார். ரயில் பயணத்தின் பாதுகாப்பைப் பற்றியும் சிந்தித்தார் என்று அறிந்தபோது, ரயில்வே ஊழியனாகிய எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டாயிற்று. பறத்தலை அவர் மறக்கவில்லை. தமது எண்பதாம் வயதை நெருங்குகையில், 1853இல், ஆள் ஏறும் கிளைடர் ஒன்றைச் செய்து, தம் வண்டிக்காரரை அதில் ஏற்றிப் பள்ளத்தாக்கின் குறுக்கே பறக்கவிட்டார். முதல் மாதிரிக்கும் இதற்கும் இடையே அரை நூற்றாண்டு சென்றது.

அவரினும் என் மனத்துக்கு நெருக்கமானவர் ஜான் ஸ்டிரிங்பெல்லோ. சார்ட் என்னும் சிற்றூரில் ஜரிகைப் பின்னல் இயந்திரங்களுக்கு வேண்டிய உறுப்புகளைச் செய்துவந்த தொழிலாளி இவர். 1848இல், ஆலை ஒன்றின் நீண்ட கூடத்தில் கம்பி கட்டி, அதன் வழியே ஓடவிட்டு, பத்தடி அகல இறக்கை கொண்ட நீராவி மாதிரி விமானத்தைச் செலுத்தினார். அது கம்பியை விட்டபின் தானே பறந்தது என்பர். பறந்திருக்க முடியாது என்று ஐயுறும் ஆராய்ச்சியாளரும் உளர். நான் நேரில் காணாத வழக்கில் தீர்ப்புச் சொல்வது முறையன்று. ஆதரவு கிடைக்காமையால் அவர் அம்முயற்சியை விட்டுவிட்டுத் தம் தொழிலுக்கே திரும்பினார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சென்றன. 1866இல் இலண்டனில் வானூர்திச் சங்கம் ஒன்று தோன்றியது. அதன் பொருட்காட்சி 1868இல் படிக மாளிகையில் நடைபெறவே, அறுபத்தொன்பது வயதை நெருங்கிய ஸ்டிரிங்பெல்லோ பழைய உளியைத் தேடி எடுத்தார். மூன்றடுக்கு இறக்கை கொண்ட மாதிரி ஒன்றையும் இலேசான நீராவி இயந்திரம் ஒன்றையும் கொண்டுபோய் வைத்தார். எடைக்கு மிகுந்த ஆற்றல் தரும் இயந்திரம் என்று அதற்கு நூறு பவுன் பரிசு வழங்கப்பட்டது. இளமையில் எவரும் பொருட்படுத்தாத வேலை முதுமையில் பரிசு பெற்ற அச்செய்தியை முதன்முதல் படித்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை.

இதற்கு நேர்மாறானது அல்போன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சு இளைஞரின் கதை. கடற்படைத் தளபதியின் மகனாகிய இவர், இடுப்பெலும்பு நோயால் கடற்படையில் சேர முடியாது போயினார். முறுக்கிய ரப்பர் நாடாவைப் பறத்தலுக்கு விசையாக ஆக்கியவர் இவரே. 1871ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள், பாரிஸ் நகரத் துய்லரிப் பூங்காவில், பதினாறு கிராம் எடையே உள்ள அவருடைய மாதிரி விமானம் பதினோரு விநாடிகளில் சுமார் நாற்பது மீட்டர் பறந்தது. தள்ளாடாமல் தானே சமநிலை காத்தது என்பதே அதன் சிறப்பு. இறக்கையின் நுனிகளைச் சற்று உயர்த்தியும் வாலைச் சற்றுத் தாழ்வாகச் சாய்த்தும் அதனைச் சாதித்தார். இன்றும் ஒவ்வொரு மாணவனும் அவ்விரு உபாயங்களையே கையாளுகிறான். பெரிய விமானம் கட்டப் பொருளுதவி தேடி அலைந்து, எங்கும் கிட்டாமல், 1880இல் முப்பதாம் வயதில் பெனோ தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அவர் இறப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1878இல், அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் தம் இரு சிறு புதல்வர்க்கு ஒரு பொம்மை வாங்கி வந்தார். தக்கையும் மூங்கிலும் தாளும் ரப்பரும் கொண்டு, பெனோவின் வழியில் செய்யப்பட்ட பறக்கும் பொம்மை அது. அச்சிறுவர்களே வில்பர் ரைட், ஆர்வில் ரைட். 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் அவர்களுடைய விமானம் முதன்முறை பறந்தபோது காற்றில் நின்ற காலம் பன்னிரண்டு விநாடி. கடந்த தூரம் நூற்றிருபது அடி, அதாவது முப்பத்தேழு மீட்டருக்கும் சற்றுக் குறைவு. பதினாறு கிராம் பொம்மை முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அதனினும் சிறிது கூடுதலான தூரம் போய்விட்டது என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும்.

சாமுவேல் லாங்லி என்ற அமெரிக்கப் பேரறிஞரும் ஐம்பது வயதைக் கடந்த பின்னரே இத்துறையில் முழுமூச்சாக இறங்கினார். பெனோவைப் பின்பற்றி ரப்பர் மாதிரிகள் பலவற்றைச் செய்து முறித்தார். 1896ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் அவருடைய நீராவி மாதிரி, போட்டோமாக் ஆற்றின் மேல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பறந்தது. ஆனால் அதே அமைப்பை ஆளேறும் அளவிற்குப் பெருக்கியபோது, 1903இல் இருமுறை ஆற்றில் வீழ்ந்தது. மாதிரியில் பலித்தது பெரிதில் பலிக்கும் என்று நம்பக்கூடாது போலும்.

நம் நாட்டுக்கு வருவோம். சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த டாஞ்செலிஸ் என்ற ஐரோப்பியர் தாமே வடிவமைத்து, சிம்ப்சன் கம்பெனியின் பட்டறையில் ஓர் இரட்டை இறக்கை விமானம் செய்வித்தார். 1910 மார்ச்சு மாதத்தில் பல்லாவரத்தில் அதனைப் பறக்கவிட்டார். இந்தியாவில் எழுந்த முதல் விமானம் அதுவே என்று கொள்வோர் பலர். அடுத்த ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், அலகாபாத்திலிருந்து யமுனையைத் தாண்டி நைனி வரை ஆறாயிரத்துக்கு மேற்பட்ட கடிதங்களை ஹென்றி பெக்கே என்பவர் விமானத்தில் கொண்டுசென்றார். நைனி ரயில் வண்டிகள் நிற்கும் ஊர். வானஞ்சலும் அங்கேதான் முதலில் இறங்கியது. நம் டில்லியில் வில்லிங்டன் விமானத் தளம் 1929இல் தோன்றியது. அதுவே இன்றைய சப்தர்ஜங். 1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் விமானம் ஓட்ட, அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதனைப் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசேர்த்தார்.

பல்லாவரத்தை அடுத்த குரோம்பேட்டையில் 1949இல் சி. ராஜம் அவர்கள் நிறுவிய தொழில்நுட்பக் கல்லூரிக்கு பின்னர் வந்து சேர்ந்த மாணவர் அப்துல் கலாம். அங்கே காட்சிக்கு வைத்திருந்த இரு பழைய விமானங்களின் அருகே, மற்ற மாணவர் விடுதி திரும்பிய பின்னும் அமர்ந்திருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அதே கல்லூரியின் மாணவர்கள் 2018இல் ஆளில்லா விமானப் போட்டிக்காக ஆஸ்திரேலியா சென்றபோது, மாதிரி விமானம் ஓட்டுவதில் தேர்ந்த நடிகர் அஜித் குமார் அவர்களுக்கு ஆலோசகராக இருந்தார். திரைப்படம் பார்ப்பதைக் குறைத்துக்கொள்ளும்படி என் மகனிடம் சொல்லிவந்த நான் அன்று வாயடைத்துப் போனேன்.

பால்சாவைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவுறாது. தென்னமெரிக்காவின் ஈக்வடார் நாட்டில் மிகுதியாக விளையும் மரம் அது. ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குக் கட்டுமரம், தெப்பம் என்பது பொருள். ஆறேழு ஆண்டுகளுக்குள் நெடுமரமாகிவிடும். வெட்டாது விட்டால் விரைவிலேயே உளுத்துப்போகும். ஒரு கனமீட்டர் தேக்கு அறுநூறு கிலோவுக்கு மேல் நிறுக்கும். பால்சாவோ நூற்றைம்பது கிலோ அளவே. அதிலும் ஒரு மரத்துக்கும் மற்றொன்றுக்கும் எடை பெரிதும் மாறுபடும். இந்த மாறுபாடு பின்னால் என்னைப் படுத்திய பாட்டைச் சொல்கிறேன். 1947இல் தோர் ஹயர்டால் ஒன்பது பால்சாக் கட்டைகளைப் பிணைத்த தெப்பத்தில் பெருவிலிருந்து 101 நாட்கள் பசிபிக் கடலைக் கடந்தார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷாரின் மாஸ்கிட்டோ விமானத்தின் உடல் ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பால்சாவை வைத்துச் செய்யப்பட்டது. 1944இல் இந்தியாவில் அவ்விமானங்கள் சிலவற்றின் இறக்கைகள் முறிந்தன. நம் வெயிலிலும் மழையிலும் ஒட்டு நெகிழ்ந்ததே காரணம் என்பாரும் உளர். டில்லி ஆவணி மாதத்தில் பசையுடன் மல்லாடியவர்க்கு இதில் வியப்பு இராது. பின்னாளிலோ காற்றாலைகளின் பெருஞ்சிறகுகளுக்குள் வைப்பதற்காகப் பால்சாவை நாடுகள் போட்டியிட்டு வாங்கின. 2020ஐ ஒட்டி அதன் விலை எங்கோ போயிற்று.

எங்கள் பக்கத்துக்கு இத்தகைய இலேசான பொருள் புதிதன்று. தஞ்சையில் நெட்டியைச் சீவிப் பெரிய கோயில் கோபுரம் செய்யும் கைவினைஞரைப் பலரும் அறிவர். நீர்நிலைகளில் விளையும் அந்நெட்டியை வைத்தே நானும் முதலில் சிறு கிளைடர்கள் செய்தேன். பொன்மலையில் வளர்ந்தவன் நான். என் தந்தையார் அங்கே ரயில்வே பட்டறையில் பிட்டர். பள்ளியில் தேசிய மாணவர் படையின் வான்பிரிவில் சேர்ந்தேன். அப்படை 1948இல் அமைந்தது. வான்பிரிவு 1950இல் வந்தது. அதன் பயிற்சிகளில் மாதிரி விமானக் கலையும் ஒன்று. வெட்டி எஞ்சிய பால்சாத் தகடுகளைப் பயிற்றுநர் எனக்குக் கொடுத்தார். ரப்பரால் பறக்கும், எண்பது சென்டிமீட்டர் இறக்கை கொண்ட விமானம் ஒன்றைத் தொடங்கினேன். இறக்கைக்கு இருபத்திரண்டு விலாச் சட்டங்கள் வேண்டும். ஒன்றுபோல் மற்றொன்று இருக்க வேண்டும். நான் பிளேடால் வெட்டியவை ஒன்றுபோல் ஒன்று இல்லை. இரவுப் பணி முடிந்து வந்த என் தந்தையார் அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தகரத்தில் வெட்டி, விளிம்பை அரத்தால் தேய்த்து, ஓர் அச்சைக் கொண்டுவந்து என்முன் வைத்தார்.

அந்த அச்சை வைத்து இடப்பக்க இறக்கையை முடித்தேன். வலப்பக்கத்தைத் தொடங்குமுன் தந்தையார் காலமானார். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய ஆண்டு அது. அதன்பின் கடைகளில் கணக்கெழுதினேன், தேர்வுகள் எழுதினேன், முடிவில் டில்லி வந்து சேர்ந்தேன். ரயில்வேயில் நுழைந்த பிறகு மாதிரி விமானத்தை நினைக்கவும் நேரமில்லை. நினைத்தால் சிரிப்பும் வந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பொன்மலை வீட்டைக் காலி செய்துகொண்டு என் அன்னையார் துக்ளகாபாத் ரயில்வே குடியிருப்பில் எங்களோடு வந்து தங்கினார். அவருடைய தகரப் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே, பழைய வேட்டி சுற்றி, அந்த ஒற்றை இறக்கையும் தகர அச்சும் இருந்தன. “எறிஞ்சுடலாம்னுதான் எடுத்தேன், தம்பி. அந்த மனுசன் கை பட்டதாச்சே” என்றார். இறக்கையில் மூன்று விலாக்கள் பூச்சி அரித்திருந்தன. ஏனையவை உறுதியாகவே இருந்தன. என் மகன் அதை மின்விளக்கின்முன் பிடித்து, “மற்றது எங்கே, அப்பா?” என்று கேட்டான்.

மற்றதைச் செய்ய ஆறு மாதம் ஆயிற்று. பதினைந்து வயதில் ஒரே மாலையில் பத்து விலா வெட்டுவேன். இப்பொழுது மூக்குக்கண்ணாடியுடன் நான்கு வெட்டுமுன் கண் கலங்குகிறது. பால்சாத் தகட்டின் விலையைக் கேட்டுக் கையை இழுத்துக்கொண்டேன். மாதத்துக்கு ஒரு தகடு என்று வாங்கினேன். அச்சு ஒன்றே, அளவு ஒன்றே. ஆனால் இரண்டு இறக்கையையும் நகைக்கடைத் தராசு போன்ற சிறு தராசில் நிறுத்தபோது பழையது ஏழு கிராம், புதியது பதினொன்று. மரத்தின் குணம் அப்படி. நான்கு கிராம் என்றால் நமக்கு அற்பம். அவ்வளவு சிறிய விமானத்துக்கு அது ஒரு பக்கம் சாய்ந்து தரையில் மூக்கைக் குத்தப் போதும். புதியதை இழைத்து எட்டரைக்குக் கொண்டுவந்தேன். அதற்குமேல் இழைத்தால் முறியும். மீதியைப் பழைய இறக்கையின் நுனியில் களிமண் வைத்துச் சரிக்கட்ட வேண்டியதாயிற்று. பழையதை நான் தொட விரும்பவில்லை. ஆயினும் வேறு வழி இல்லை.

பறக்கவிட இடம் காண்பதும் எளிதன்று. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகள் வானொலி விசையால் இயங்கும் மாதிரிகளுக்கும் வகை செய்திருக்கின்றன. ஆனால் தலைநகரின் வானம் பெரும்பாலும் தடை வட்டத்துக்குள் அடங்கியது. என்னுடையது வெறும் ரப்பர் முறுக்கால் பறப்பதுதான். இருந்தும், அரசாங்கச் சம்பளம் வாங்குபவன் தலைநகரில் வம்பை விலைக்கு வாங்கக்கூடாது என்று எண்ணி, சித்திரை மாதத்து ஞாயிறு ஒன்றில் விடியற்காலைப் பல்வல் வண்டியில் மகனுடன் ஏறினேன். விமானத்தை அட்டைப் பெட்டியில் வைத்து மடியில் வைத்துக்கொண்டேன். கோதுமை அறுத்த வயல் ஒன்றில், உடையவரிடம் அனுமதி பெற்று இறங்கினோம்.

முதல் முறை மூக்கை நிமிர்த்தி நின்று, பின் பொத்தென்று வீழ்ந்தது. மூக்கில் சிறிது களிமண் வைத்தேன். இரண்டாம் முறை வலப்பக்கம் சாய்ந்து அரைவட்டமடித்து வீழ்ந்தது. நுனியில் இன்னும் ஒரு கடுகளவு வைத்தேன். மூன்றாம் முறை முறுக்கை இருநூறு சுற்று ஏற்றி, காற்றுக்கு எதிராக மெல்ல விட்டேன். அது மேலெழுந்தது. வரப்பைக் கடந்தது, ஒரு கீகர் மரத்தை ஒட்டி இடப்பக்கம் திரும்பியது, சுழலி நின்ற பின்னும் சிறிது தூரம் மிதந்து, அறுத்த தாளடியில் அமர்ந்தது. கைப்பேசியில் காலம் பார்த்த மகன் ஒன்பது விநாடி என்றான். பெனோவினும் இரண்டு விநாடி குறைவு.

நான்காம் முறை மரத்தில் மோதிச் சுழலி உடைந்தது. உடைந்ததைப் பொறுக்கிக்கொண்டு பகல் வண்டியில் திரும்பினோம். வீட்டுக்குள் நுழைந்ததும் அன்னையார், “பறந்துச்சா?” என்று கேட்டார். மகன் கையை நீட்டி அது சென்ற வழியைக் காட்டினான். அவர் இறக்கையை வாங்கி, இடப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “அந்த அச்சைப் பத்திரமா வைச்சியா?” என்றார். வைத்திருக்கிறேன். புதிய சுழலியைப் பாதி செதுக்கிவிட்டேன். அடுத்த கோதுமை அறுவடைக்கு அவரையும் அழைத்துச் செல்வதாக ஏற்பாடு.